பொடிச் சொல், பெரிய குடும்பம்: ‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பழகும் வழி

ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தவர்களைத் திணறடிப்பவை நீளமான சொற்கள் அல்ல. ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ என்று ஒரு சொல் வந்தால் ஒரு தடவை அகராதியைப் புரட்டுவோம், ஒளிச்சேர்க்கை என்று தெரிந்துவிடும், வேலை முடிந்தது. திணறடிப்பவை கெட், செட், டேக், ரன் மாதிரியான பொடிச் சொற்கள்தான். தெரிந்த சொல்தானே என்று கடந்து போவோம், வாக்கியம் மட்டும் புரியாது. அகராதியைத் திறந்தால் பொருள்கள் பத்தி பத்தியாக வரிசைகட்டி நிற்கும். நமக்கு வேண்டியது எது என்று தெரியாமலேயே மூடிவைத்துவிடுவோம்.

இங்கே ‘ரன்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதன் அளவை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் 20 தொகுதிகளாக வந்தபோது, அதிலேயே மிக நீளமான பதிவு ‘செட்’. பிறகு நடந்த திருத்தப் பணியில் ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள். அதைப் பிரித்து ஒழுங்குபடுத்த பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ரயில், மோட்டார், கணினி என்று புதுப்புது எந்திரங்கள் வரும்போதெல்லாம் இந்தச் சொல்லுக்கும் புது வேலை கிடைத்துக்கொண்டே இருந்தது.

பயப்பட வேண்டாம். அந்த 645-இல் பெரும்பகுதி பழைய வழக்கு, கப்பல் தொழில், வேட்டை, சூதாட்டம் போன்ற தனித் துறைகளைச் சேர்ந்தது. அன்றாட வாசிப்புக்கும் பேச்சுக்கும் இருபது, இருபத்தைந்து புழக்கங்கள் கைவசம் இருந்தால் போதும் என்பது என் கணிப்பு. அவற்றையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வாக்கியத்தில் ‘ரன்’னைச் சுற்றி இருப்பவற்றைப் பார்த்தே பொருளைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்கான படிகள் கீழே.

முதல் படி: ஓடுவது எது?

வாக்கியத்தில் ‘ரன்’ கண்ணில் பட்டதும், அதன் எழுவாய் எது என்று தேடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மனிதரோ விலங்கோ என்றால் பெரும்பாலும் கால்களால் ஓடுவதுதான். பேருந்து, ரயில் என்றால் அந்தச் சேவை நடப்பதைச் சொல்கிறது. ‘தி பஸ் ரன்ஸ் எவ்ரி அவர்’ என்றால் மணிக்கு ஒரு பேருந்து உண்டு என்று அர்த்தம். அது வேகமாகப் போகிறதா, மெதுவாகப் போகிறதா என்பது பேச்சே இல்லை. எந்திரம் என்றால் இயங்குகிறது. ‘தி இன்ஜின் இஸ் ரன்னிங்’ என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நின்றிருக்கலாம், என்ஜின் மட்டும் உயிரோடு இருக்கிறது.

திரவம் வந்தால் பாய்தல், வழிதல், ஒழுகுதல். ஆறு, குழாய், மூக்கு எல்லாம் ‘ரன்’ ஆகும். துணியில் சாயம் இறங்கினால்கூட ‘தி கலர்ஸ் ரேன்’ என்பார்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது நகராத பொருள்கள் எழுவாயாக வரும்போது. ‘தி ரோடு ரன்ஸ் அலாங் தி ரிவர்’ என்றால் சாலை ஆற்றை ஒட்டியே போகிறது. ‘எ ஸ்கார் ரன்ஸ் டவுன் ஹிஸ் சீக்’ என்றால் கன்னத்தில் ஒரு தழும்பு மேலிருந்து கீழாக நீண்டிருக்கிறது. சாலையும் தழும்பும் ஓடவில்லை, பார்க்கிற கண்தான் அதன் மேல் ஓடுகிறது. தமிழிலும் ‘சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது’ என்கிறோமே, அதேதான்.

காலத்தோடு சேர்ந்தவை இன்னொரு வகை. நாடகம், ஒப்பந்தம், கூட்டம், பயிற்சி வகுப்பு போன்றவை எழுவாயானால் ‘ரன்’ என்பது நீடித்தலைக் குறிக்கும். ‘தி கான்ட்ராக்ட் ரன்ஸ் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றால் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். செய்திகளில் விலைவாசி உயர்வு, வேலையின்மை இவற்றோடும் ‘ரன்னிங் அட்’ வரும். இன்ன விகிதத்தில் இருந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் அடியில் ஒரே கருத்து இருப்பதைக் கவனித்தீர்களா? தடைபடாமல், ஒரு போக்கில் தொடர்ந்து செல்வது. பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல்லின் மூதாதை நீர் பாய்வதையும் கால்களால் ஓடுவதையும் சேர்த்தே குறித்தது. உறவு மொழியான ஜெர்மனில் இன்றைக்கும் ‘ரென்னன்’ என்றால் ஓடுதல், ‘ரின்னன்’ என்றால் ஒழுகிப் பாய்தல். ஆகவே மூக்கு ‘ரன்’ ஆவதைக் கேட்டு வியக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: எதை ஓட்டுகிறார்கள்?

அடுத்து, ‘ரன்’னுக்குப் பிறகு செயப்படுபொருள் உண்டா என்று பாருங்கள். தமிழில் ஓடு, ஓட்டு என்று இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. தானாக நடந்தால் ஓடு, ஒருவர் நடத்தினால் ஓட்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரன்’ ஒன்றேதான். எனவே பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்து உட்கார்ந்தால், உங்கள் மனம் ‘ஓடு’விலிருந்து ‘ஓட்டு’, ‘நடத்து’, ‘இயக்கு’ பக்கம் திரும்ப வேண்டும்.

‘ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்’: பள்ளி நடத்துகிறார். ‘ரன் எ டெஸ்ட்’: சோதனை செய்து பார். ‘ரன் எ புரோகிராம்’: நிரலை இயக்கு. பத்திரிகை ஒரு செய்தியை ‘ரன்’ செய்தால் வெளியிடுகிறது என்று பொருள். ‘ரன் எ பாத்’ என்றால் குளிப்பதற்குத் தொட்டியில் நீரைத் திறந்து நிரப்புவது. ‘ரன் சம்ஒன் ஹோம்’ என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால், ஒருவரை வண்டியில் கொண்டுபோய் வீட்டில் விடுவது.

இவற்றுக்கு நடுவே சில ஜோடிகளை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும். ‘ரன் எ ரிஸ்க்’ ஆபத்துக்கு இடம்கொடுப்பது. ‘ரன் எ டெம்பரேச்சர்’ காய்ச்சல் அடிப்பது. ‘ரன் ஆன் எரண்ட்’ கடைகண்ணிக்குப் போய் வருவது மாதிரியான சில்லறை வேலை. ‘ரன் எ ரெட் லைட்’ சிவப்பு விளக்கு எரியும்போதே நிற்காமல் போவது. இவற்றில் ஏன் ‘ரன்’ என்று கேட்டு நேரத்தைச் செலவழிக்காதீர்கள். எந்தப் பெயர்ச்சொல்லோடு சேர்ந்து வருகிறதோ அதோடு சேர்த்தே ஒரே சொல்லாக மனதில் வையுங்கள்.

கூடவே ஒரு இலக்கணக் குறிப்பு. இறந்தகாலம் ‘ரேன்’. ஆனால் ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ வந்த பிறகு மறுபடி ‘ரன்’தான். ‘ஹேஸ் ரேன்’ என்பது தவறு, ‘ஹேஸ் ரன்’ என்பதே சரி. எழுதும்போது இதை மட்டும் ஒருமுறை கூடுதலாகச் சரிபாருங்கள்.

மூன்றாம் படி: பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சொல்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. அவுட், இன்டு, ஓவர், டவுன், த்ரூ, அப், பை, ஆன் என்று ஏதாவது ஒன்று ‘ரன்’னைத் தொட்டுக்கொண்டு நின்றால், தனி ‘ரன்’னின் பொருளை ஓரமாக வைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து வேறு வினையாகிவிட்டது.

‘ரன் அவுட்’ என்றதும் நமக்குக் கிரிக்கெட் நினைவுக்கு வரும். அந்த ரன் அவுட் வேறு, அது ஆட்டமிழக்கும் முறை. அன்றாட ஆங்கிலத்தில் ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோவது. இதில் எழுவாய் மாறும் இடத்தைக் கவனியுங்கள். தீர்ந்த பொருள் எழுவாயானால் ‘தி மில்க் ஹேஸ் ரன் அவுட்’. ஆள் எழுவாயானால் ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’. அந்த ‘ஆஃப்’ இல்லாமல் இரண்டாவது வாக்கியம் நிற்காது. ‘டைம் இஸ் ரன்னிங் அவுட்’ என்றால் அவகாசம் குறைந்துகொண்டே வருகிறது.

‘ரன் இன்டு’ மூன்று வேலை செய்கிறது. பின்னால் ஆள் வந்தால், எதிர்பாராமல் சந்திப்பது. மரம், சுவர், வேறு வண்டி வந்தால் மோதுவது. தொகை வந்தால் அந்த அளவை எட்டுவது: ‘தி காஸ்ட் ரன்ஸ் இன்டு மில்லியன்ஸ்’. சிக்கல், தடை போன்றவை வந்தால் எதிர்கொள்வது என்று எடுத்துக்கொள்ளலாம், அது முதல் இரண்டின் நீட்சிதான். ‘ஐ ரேன் இன்டு மை டீச்சர்’ என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு ஆசிரியர் மேல் மோதிவிட்டதாகப் புரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர். ஆள் என்றால் முதலில் சந்திப்பு என்று நினையுங்கள்.

‘ரன் ஓவர்’ கொஞ்சம் கவனம் கேட்கும். வண்டி ஒருவர் மேல் ஏறுவதும் இதுதான், கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப்போவதும் இதுதான், பாத்திரம் நிரம்பி வழிவதும் இதுதான்.

‘ரன் டவுன்’ பேட்டரியோடு வந்தால் சக்தி தீர்வது. ஒருவரை இன்னொருவர் ‘ரன் டவுன்’ செய்தால் மட்டம்தட்டிப் பேசுவது. ‘ஐ ஃபீல் ரன் டவுன்’ என்றால் உடம்பு அசந்துபோயிருக்கிறது. கட்டடத்துக்கு முன் அடைமொழியாக வந்தால் பாழடைந்த கட்டடம். நான்கிலும் இறங்குமுகம் ஒன்று இருப்பதால் நினைவில் வைப்பது எளிது.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ‘ரன் த்ரூ’: ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒருமுறை பார்த்துவிடுவது, ஒத்திகையும் சேர்த்தி. ‘ரன் அப் எ பில்’: கடனையோ செலவையோ ஏற்றிக்கொண்டே போவது. ‘ரன் ஆன் டீசல்’: டீசலில் ஓடுவது. ‘ரன் அக்ராஸ்’: தேடாமலே கண்ணில் படுவது. ‘ரன் இட் பை மீ’: ஒரு யோசனையை என்னிடம் சொல்லிக் கருத்துக் கேள். கடைசியாகச் சொன்னது அலுவலகங்களில் நிறையப் புழங்குகிறது, பாடப் புத்தகங்களில் அவ்வளவாக இருக்காது.

சின்ன இடைச்சொல்லுக்குப் பதிலாகப் பண்புச் சொல் ஒன்று வந்தாலும் இதே கவனம் வேண்டும். ‘ரன்னிங் லேட்’ தாமதமாகிக்கொண்டிருப்பது. ‘ரன்னிங் லோ’ இருப்புக் குறைவது. ‘ரன் டிரை’ வற்றிப்போவது. ‘ரன் வைல்ட்’ கட்டுக்கடங்காமல் போவது. இங்கெல்லாம் ‘ரன்’னுக்கு ‘ஆகு’ என்ற அளவில்தான் பொருள்.

நான்காம் படி: பெயர்ச்சொல்லா என்று பாருங்கள்

‘எ ரன்’, ‘தி ரன்’ என்று முன்னால் சுட்டு வந்தால் அது பெயர்ச்சொல். இங்கே தமிழில் ‘ஓட்டம்’ என்ற சொல் அழகாகத் துணைக்கு வரும். கிரிக்கெட்டில் ‘ரன்’ என்பதை ஓட்டம் என்றே எழுதுகிறோம். ‘டிரையல் ரன்’, ‘டிரை ரன்’ என்பவற்றுக்கு வெள்ளோட்டம் என்ற அருமையான சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. பேச்சு ஆங்கிலத்தில் ‘தி ரன்ஸ்’ என்றால் வயிற்றோட்டம். இதைப் பன்மையில் மட்டும்தான் சொல்வார்கள்.

ஓட்டம் என்று சொல்ல முடியாதவையும் உண்டு. ‘எ ரன் ஆஃப் பேட் லக்’ என்றால் அடுத்தடுத்து வரும் கெட்ட நேரம். ‘எ ரன் ஆன் தி பேங்க்’ என்றால் வங்கி மேல் நம்பிக்கை போய், பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்கப் படையெடுப்பது. ‘ஆன் தி ரன்’ தலைமறைவு. ‘இன் தி லாங் ரன்’ நாளடைவில். ‘பிரின்ட் ரன்’ ஒரு தடவையில் அச்சடிக்கும் படிகளின் எண்ணிக்கை. ‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்பது பெயர்ச்சொல் அல்ல, ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: தொடர்ந்து மூன்று நாள்.

ஐந்தாம் படி: தமிழ் ‘ஓடு’ எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

தாய்மொழியை ஒதுக்கிவைத்துவிட்டு ஆங்கிலம் படிக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. ‘ரன்’ விஷயத்தில் தமிழ் தெரிந்தவருக்குப் பெரிய அனுகூலம் இருக்கிறது. நம்முடைய ‘ஓடு’வும் அதே மாதிரி பரந்து விரிந்த சொல். படம் நூறு நாள் ஓடியது, மனதில் ஓர் எண்ணம் ஓடியது, பட்டியலில் கண்ணை ஓட்டினேன், ரத்தத்தில் ஓடுகிறது, வீட்டைவிட்டு ஓடிப்போனான். இந்த ஐந்தையும் ஆங்கிலத்தில் ‘ரன்’ போட்டே சொல்லலாம், ஒன்றுகூடத் தப்பாகாது.

ஆனால் வேறு சில இடங்களில் அதே பழக்கம் சிக்கலில் மாட்டிவிடும். முக்கியமானது வண்டி ஓட்டுவது. தமிழில் கார், சைக்கிள் எல்லாவற்றையும் ஓட்டுகிறோம். ஆங்கிலத்தில் காருக்கு ‘டிரைவ்’, சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ‘ரைட்’. ‘ரன் எ கார்’ என்பதும் ஆங்கிலத்தில் உண்டு, ஆனால் பொருள் வேறு: எரிபொருள், காப்பீடு, பழுது என்று செலவு செய்து ஒரு காரை வைத்துக் காப்பாற்றுவது. ‘ஐ கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்’ என்று ஒருவர் சொன்னால், அவருக்கு ஓட்டத் தெரியாது என்று அர்த்தமில்லை, கட்டுப்படியாகாது என்கிறார்.

‘டிவி ஓடுகிறது’ என்பதற்கு ‘தி டிவி இஸ் ஆன்’ என்பதே இயல்பு. ‘கடை நன்றாக ஓடுகிறது’ என்பதை அப்படியே ‘ரன்னிங் வெல்’ என்று சொன்னால், நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறது என்று புரிந்துகொள்வார்கள். வியாபாரம் நன்றாக இருக்கிறது என்பதற்கு ‘டூயிங் வெல்’. ‘ஒன்றுமே ஓடவில்லை’ என்று திகைத்து நிற்கும்போது ‘ரன்’ வராது, ‘மை மைண்ட் வென்ட் பிளாங்க்’ என்பார்கள். நேரம் ஓடிவிட்டது என்பதற்கு ‘டைம் ஃப்ளைஸ்’, அதாவது அங்கே நேரம் பறக்கும்.

தேர்தலிலும் ஒரு வேறுபாடு. போட்டியிடுவதை அமெரிக்கர் ‘ரன் ஃபார்’ என்பார்கள், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட் ஃபார்’ என்பதே வழக்கம். ஒரே காரியத்துக்கு ஓர் ஊரில் ஓடுகிறார்கள், இன்னோர் ஊரில் நிற்கிறார்கள். தமிழில் தேர்தலில் நிற்பதுதான் வழக்கம் என்பதால் பிரிட்டிஷ் வடிவம் நமக்குச் சட்டென்று பிடிபடும்.

ஆறாம் படி: அகராதியைப் படிக்கும் முறை

எந்த அகராதியைத் திறக்கிறீர்கள் என்பது முக்கியம். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்கும். பழையது முதலில் வரும், இன்று புழங்குவது எங்கோ உள்ளே இருக்கும். அது ஆராய்ச்சிக்கு அருமையானது, தொடக்கத்தில் உங்களுக்கு வேண்டாம். கற்போருக்கென்றே தயாரான அகராதியை எடுங்கள். அவற்றில் பெரும்பாலும் அதிகம் புழங்கும் பொருள் முன்னால் வரும், எளிய சொற்களில் விளக்கம் இருக்கும். 1987-ல் வந்த கோபில்ட் அகராதி விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதும் முறையைக் கொண்டுவந்தது. ‘நீங்கள் ஒரு நிறுவனத்தை ரன் செய்தால், அதற்கு நீங்கள் பொறுப்பு’ என்கிற பாணி. பொருளோடு பயன்படுத்தும் விதமும் ஒரே மூச்சில் தெரிந்துவிடும்.

அகராதியில் முதல் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். நீங்கள் படித்த வாக்கியத்தின் எழுவாய், செயப்படுபொருள், பின்னால் வரும் சின்னச் சொல் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, அதே மாதிரி அமைந்த எடுத்துக்காட்டு வாக்கியத்தைத் தேடுங்கள். விளக்கத்தைவிட எடுத்துக்காட்டுதான் சரியான கதவைத் திறக்கும். ‘ரன் இன்டு’ போன்ற கூட்டு வினைகள் பதிவின் கடைசியில் தனிப் பகுதியாக இருக்கும், நேராக அங்கே போய்விடலாம்.

குறிப்பேட்டில் ‘ரன்: ஓடு, நடத்து, பாய், தீர்’ என்று எழுதி வைப்பதால் பயனில்லை. முழு வாக்கியமாக எழுதுங்கள், ஒரு புழக்கத்துக்கு ஒரு வாக்கியம். முடிந்தால் உங்கள் வாழ்க்கையில் உண்மையாக நடந்ததை வைத்தே எழுதுங்கள்.

ஏழாம் படி: ஒரு குறிப்பைப் பிரித்துப் பாருங்கள்

உங்கள் அலுவலக நண்பர் இப்படி ஒரு செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

‘அயம் ரன்னிங் லேட். தி பிரின்டர் ஹேஸ் ரன் அவுட் ஆஃப் இங்க். ஐ ரேன் இன்டு தி மேனேஜர் திஸ் மார்னிங். ஷீ வான்ட்ஸ் எ டிரை ரன், ஸோ ப்ளீஸ் ரன் த்ரூ தி ஸ்லைட்ஸ். ரன் தி பட்ஜெட் பை ஹெர் டூ. லாஸ்ட் டைம் தி மீட்டிங் ரேன் ஓவர் பை ஆன் அவர்.’

ஏழு இடங்களில் ‘ரன்’. கால்களால் ஓடுபவர் ஒருவர்கூட இல்லை. முதலாவதில் பண்புச் சொல் ‘லேட்’ ஒட்டியிருக்கிறது, எனவே வரத் தாமதமாகும். இரண்டாவதில் ‘அவுட் ஆஃப்’ இருக்கிறது, அச்சுப்பொறியில் மை தீர்ந்துவிட்டது. ‘ஹேஸ்’ வந்ததால் ‘ரேன்’ அல்ல, ‘ரன்’. மூன்றாவதில் ‘இன்டு’வுக்குப் பின் ஆள் வருகிறார், மேலாளரைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். நான்காவதில் ‘எ’ முன்னால் நிற்கிறது, ஆகவே பெயர்ச்சொல், வெள்ளோட்டம். ஐந்தாவது, ஸ்லைடுகளை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிடச் சொல்கிறது. ஆறாவதில் ‘ரன்’னும் ‘பை’யும் பிரிந்து, நடுவில் ‘பட்ஜெட்’ உட்கார்ந்திருக்கிறது. இப்படிப் பிரிந்து வருவதைத்தான் புதியவர்கள் தவறவிடுவார்கள். மேலாளரிடம் வரவுசெலவுக் கணக்கைக் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். கடைசியில் எழுவாய் கூட்டம், பின்னால் ‘ஆன் அவர்’ என்ற கால அளவு. வண்டி ஏறிய கதையல்ல, கூட்டம் ஒரு மணி நேரம் கூடுதலாக இழுத்திருக்கிறது.

இந்தக் குறிப்பை நீங்களே தமிழில் எழுதி வையுங்கள். மறுநாள் ஆங்கிலத்தைப் பார்க்காமல், அந்தத் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு திரும்ப ஆங்கிலத்தில் எழுதுங்கள். எந்த இடத்தில் ‘ரன்’ வராமல் வேறு சொல் வந்து விழுகிறதோ, அந்தப் புழக்கத்துக்கு இன்னொரு வாக்கியம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அது சரளமான பிறகு ‘கெட்’டை எடுங்கள். அதற்கும் எழுவாய், செயப்படுபொருள், பின்னால் ஒட்டும் சின்னச் சொல் என்ற இதே வரிசைதான்.